கேள்விப் பட்டியலில் இல்லாத கேள்வி

ஜனவரி 8, திங்கள்

ஆறாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது. சமூகவியல் மூன்றாம் ஆண்டில் நாங்கள் இருபத்து மூன்று பேர். ஒவ்வொருவரும் தனியாக ஓர் ஆய்வு செய்து அறுபது பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். நூறு மதிப்பெண். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து செய்யக் கூடாது, போன வருட மாணவிகளின் அறிக்கையை வாங்கி அட்டையை மட்டும் மாற்றக் கூடாது என்று சகாயராணி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"தலைப்ப நீங்கதான் தேடணும். எது தெரியாம உங்களுக்குத் தூக்கம் வரலையோ அத எடுங்க."

பதினான்கு பேர் 'முதியோர் தனிமை' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஷமீமா, பேருந்தில் வேலைக்குப் போய்வரும் பெண்களை எடுத்திருக்கிறாள். நான் 'வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்கள்' என்று எழுதினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க அனுசுயா."

"நான் பேச வச்சிருவேன் மேடம்."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

களக்குறிப்புக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். கடையில் அதோடு சேர்த்து இந்த நோட்டையும் வாங்கினேன். அது மேடம் பார்க்க. இது நான் பார்க்க.

ஜனவரி 13, சனி

நாளை போகி. காலையிலிருந்து சுண்ணாம்பு அடித்து இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிற்று. மதியம் உட்கார்ந்து கேள்விப் பட்டியலை முடித்தேன். முப்பத்து நான்கு கேள்விகள். வயது, படிப்பு, எத்தனை வருடம் இருந்தார்கள், ஏஜென்ட் மூலம் போனார்களா, வேலை நேரம், சாப்பாடு, விடுமுறை. எல்லாவற்றிலும் கட்டம் போட்டு டிக் அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

அம்மா வாசித்துப் பார்த்தாள். "ஊரான் வூட்டுப் பொம்பளைங்ககிட்ட இதெல்லாம் கேப்பியா? போனாங்க, உசுரோட திரும்பி வந்தாங்க. அதுக்கு மேல என்னடி கேள்வி?"

ஜனவரி 20, சனி

மன்னார்குடியிலிருந்து குறிச்சிமங்கலத்துக்கு நாற்பது நிமிடம். அந்த ஊரில் மட்டும் குவைத், மஸ்கட் போய் வந்த பெண்கள் பதினாறு பேர். மகளிர் குழுத் தலைவி பட்டியல் கொடுத்தார்.

இன்று நான்கு பேரைப் பார்த்தேன். நான்கு பேரும் ஒரே பதில்.

"நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"சாப்பாடு?"

"நல்லாப் போடுவாங்க."

"அடிச்சது, திட்டுனது ஏதும் உண்டா அக்கா?"

"சே, அதெல்லாம் இல்ல."

ஒருத்தர் முறுக்கு பிழிந்துகொண்டே பதில் சொன்னார். முப்பத்து நான்கு கேள்வியும் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. போகும்போது கையில் நான்கு முறுக்கு கொடுத்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

இதுவரை பத்துப் பேர். பத்துப் பேரும் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 3, சனி

கை வலிக்கிறது, ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

பதினொன்றாவது ஆள் இந்துமதி அக்கா. வயது முப்பத்தெட்டு. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். கணவர் முருகையன் ஊர்க் கோடியில் இருக்கும் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். மகள் தர்ஷினி பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் குவைத் போய் மூன்று வருடம் இருந்தார்.

நான் கேட்க, அவர் மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார். நல்ல சாப்பாடு. நல்ல வீடு. வலது முழங்கைக்குக் கீழே முக்கோணமாக ஒரு தழும்பு பளபளவென்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன். எண்ணெய் தெறித்தது என்றார். எண்ணெய் முக்கோணமாகத் தெறிக்காது.

முப்பத்து நான்காவது கேள்வியும் முடிந்தது. செல்போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சும்மா, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"அங்க சந்தோஷமா இருந்த நாள்னு ஏதாச்சும் உண்டாக்கா?"

மிஷின் நின்றது.

எழுந்து போய் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத யாருமே கேட்டதில்ல பாப்பா. கஷ்டப்பட்டியான்னு கேப்பாங்க. எவ்வளவு கொண்டாந்தேன்னு கேப்பாங்க."

பிறகு அவரே சொன்னார். முதல் வீட்டில் ஐந்து பிள்ளைகள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து வேலை. ஒருநாள் அங்கி ஒன்றைக் கருக்கிவிட்டார் என்று அந்த வீட்டு அம்மா இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிக் கையில் வைத்துவிட்டாள். பதினான்காவது மாதம் குப்பை கொட்டப் போகிற சாக்கில் வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. பாஸ்போர்ட் அந்த வீட்டில். கையில் ஒரு காகிதமும் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டும் ஆந்திராக்காரர் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் ஊர்ப் பெண்கள் தங்கியிருந்த அறையில் விட்டார். அந்தப் பெண்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த லாரிக்காரரின் அறையிலேயே பதினோரு மாதம்.

"தப்பா நெனைக்கிறியா?"

"இல்லக்கா."

"நெனைச்சாலும் பரவாயில்ல. அந்த ஆளு வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்ததும் மொத வார்த்தை, 'தின்னாவா'ம்பாரு. தெலுங்குல சாப்புட்டியான்னு அர்த்தம். தெனமும். சண்ட போட்ட அன்னிக்கும் கேப்பாரு. நானு பொறந்த வூட்லயும் சரி, வாக்கப்பட்ட வூட்லயும் சரி, எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத் திங்கிறவ. நீ தின்னியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அந்தப் பதினோரு மாசமும் நான் தின்னாத்தான் அவரு தட்டுல கைய வைப்பாரு."

பிறகு காகிதம் இல்லாதவர்களுக்கு அந்த நாட்டு அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. தூதரகத்தில் போய் நின்று ஊர் திரும்பினார். கணவருக்கு அவர் மூன்று வருடமும் முதல் வீட்டிலேயே இருந்ததாகத்தான் தெரியும்.

அழவில்லை. சொல்லி முடித்ததும் முகம் கழுவிவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும்போது ஏதோ சொன்னார். வாசலில் நெல் ஏற்றிக்கொண்டு டிராக்டர் போனதில் சரியாகக் காதில் விழவில்லை. "சரிக்கா" என்றேன்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

மேடம் பதிவைத் துறைக் கணினியில் போட்டுக் கேட்டார். பாதியில் வெளியே போய் வராந்தாவில் நின்றுவிட்டு வந்தார்.

"மத்த பதினஞ்சு பேரையும் அட்டவணையில போட்டுரு. இதுதான் உன் ப்ராஜெக்ட். மாநில அளவுப் போட்டிக்கு அனுப்பலாம் அனுசுயா. இத வச்சே எம்.ஏ.வுக்கு உனக்குச் சென்னையில சீட்டு கெடைக்கும்."

கடைசிவரை கேட்டீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கக் குறிச்சிமங்கலம் போனேன். இந்துமதி அக்கா சாப்பிடாமல் விடவில்லை. கெண்டைமீன் குழம்பு. தர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் கல்லூரியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாள். பி.ஏ. சமூகவியலில் சேர எத்தனை மார்க் வேண்டும், ஹாஸ்டல் உண்டா, படித்தால் என்ன வேலை.

"அம்மா மாதிரி ஆளுங்களப் பத்திப் புத்தகம் எழுதுவாங்களா அக்கா இதுல?"

"எழுதலாம்."

"அப்ப நானும் இதான் படிப்பேன்."

படிவத்தை நீட்டினேன். இந்துமதி அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பேரு வராதுல்ல பாப்பா?"

"வராதுக்கா. மாத்திருவேன்."

"அன்னிக்கு நான் சொன்னது ஞாவகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

தர்ஷினி இருந்ததால் அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததும் கொண்டுவந்து வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

ஒரு வாரமாகத் தட்டச்சு. பெயரை மல்லிகா என்று மாற்றியாயிற்று. ஊர்ப் பெயர் இல்லை. தழும்பு, அரிசி ஆலை, ஜாக்கெட் தைப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு வாசித்தால் சப்பென்று இருக்கிறது. உப்பில்லாத மாதிரி. இருந்தாலும் எடுத்ததுதான் சரி.

குறிச்சிமங்கலம் போய் வாசித்துக் காட்ட வேண்டும். இந்த வாரம் முடியாது. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கணும், கேஸ் புக் பண்ணணும், பிரிண்ட் எடுக்கணும்.

மார்ச் 1, வெள்ளி

அறிக்கையை ஒப்படைத்தேன். அறுபத்தெட்டுப் பக்கம். நீல அட்டை, தங்க எழுத்து. ஷமீமாவுடையதை விட என்னுடையது தடிமன்.

வாசித்துக் காட்டவில்லை.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினக் கருத்தரங்கு. மூன்று மாணவிகளின் ஆய்வை மேடையில் சொல்லச் செய்தார் மேடம். நான் கடைசி. தலைப்பு 'தின்னாவா?' என்று திரையில் வந்ததும் அரங்கில் சிரித்தார்கள். பேச ஆரம்பித்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. முடித்தபோது முதல்வர் எழுந்து நின்று கை தட்டினார். முன்வரிசையில் ஒரு பேராசிரியை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்ததை மேடையிலிருந்தே பார்த்தேன்.

வெளியே ஒரு பத்திரிகை நிருபர் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பேசுனம்மா. ஆனா மல்லிகான்னு சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது. ஆளு எப்படி இருப்பாங்க, வீட்டுக்காரர் என்ன பண்றாரு, உயிரோட்டமா ரெண்டு சொல்லு." நான்கைந்து விவரம் கேட்டார். சொன்னேன். பெரும்பாலும் அறிக்கையில் இருப்பதுதான். என்னைப் படமும் எடுத்தார்.

மார்ச் 9, சனி

பத்திரிகையில் வந்துவிட்டது! ஆறாம் பக்கம், பாதிப் பக்கம். அம்மா நான்கு பிரதி வாங்கி வந்து மூன்றைப் பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டாள். அப்பா கடையில் கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கிறார்.

தலைப்பு: 'குவைத்தில் பதினோரு மாதம் ஆந்திர டிரைவருடன் ரகசிய வாழ்க்கை.' இது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது. மேடத்திடம் கேட்டேன். "தலைப்பு அவங்க வைக்கிறது, நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

மாலையில் ஷமீமா கூப்பிட்டாள்.

"ஏன்டி, வலது கையில இஸ்திரிப்பெட்டித் தழும்பு, புருஷன் அரிசி ஆலையில சுமை தூக்குறாரு, மன்னார்குடி பக்கத்துக் கிராமம், ஜாக்கெட் தைக்கிறாங்கன்னு எல்லாம் போட்டிருக்கே. அப்புறம் எதுக்குடி பேர மாத்துன?"

"நிருபர் எங்கியோ விசாரிச்சிருப்பாரு."

"ஒரே நாள்லயா?"

போன் சிக்னல் சரியில்லை.

மார்ச் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். வீடு பெருக்கினேன். ரேஷன் கடையில் ஒன்றரை மணி நேரம்.

மார்ச் 12, செவ்வாய்

இந்துமதி அக்காவிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் எடுக்க முடியவில்லை.

மார்ச் 14, வியாழன்

மறுபடி கூப்பிட்டார். புது எண்ணாக இருந்ததால் தெரியாமல் எடுத்துவிட்டேன்.

"பாப்பா, வச்சிராத. ஒன்னயத் திட்டக் கூப்புடல."

பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசுகிறாராம். அவர் போனை முருகையன் அண்ணன் உடைத்துவிட்டார்.

"ஆலையில யாரோ பேப்பரக் கத்தரிச்சு செவுத்துல ஒட்டிட்டாங்க. இவரு சோத்து வாளியத் தொறந்தா சுத்தி இருக்கவங்க எல்லாம் 'தின்னாவா, தின்னாவா'ங்கறாங்களாம். மூணு நாளா அவரு வேலைக்குப் போவல. வூட்லயும் சாப்புடல. ஒரு வார்த்தை பேசல பாப்பா. அடிச்சாக்கூடத் தேவல."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எங்க நாத்தனா வந்து ஒக்காந்திருக்கு. தர்ஷினிய பரீட்சைக்கு அனுப்பல. ஆத்தா லட்சணம் பேப்பர்ல வந்த பொறவு இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாங்குது. ரெண்டு பரீட்ச போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு."

"அக்கா..."

"நீ ஒண்ணே ஒண்ணு செய்யி. நேர்ல வந்து அவருகிட்ட சொல்லிரு. அது நான் இல்ல, வேற ஊருப் பொம்பளன்னு. காலேஜ் புள்ள, நீ சொன்னா நம்புவாரு. நம்பலன்னாலும் நம்புன மாதிரி இருந்துக்குவாரு. அவருக்கும் ஒரு வழி வேணும்ல? ஊர்ல சொல்லிக்க."

"சனிக்கிழமை வரேன்க்கா."

"நெசமா வருவியா?"

"வரேன்க்கா."

மார்ச் 15, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கையெழுத்துப் படிவம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு மேடம்."

"நீ அங்க போகாத. போயி அது வேற ஆளுன்னு சொன்னா, நாளைக்கு உன் ஆய்வே பொய்யின்னு ஆயிரும். வைவாவுல என்ன சொல்லுவ? காலேஜ் பேரும் இருக்கு. கொஞ்ச நாள்ல எல்லாம் அடங்கிரும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆய்வு என்றால் உண்மைதானே சொல்ல வேண்டும்.

மார்ச் 16, சனி

போகவில்லை. மேடம் போகாதே என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 23, சனி

மனது கேட்கவில்லை. பேருந்து ஏறிக் குறிச்சிமங்கலம் வரை போனேன். நிறுத்தம் வந்ததும் தலை சுற்றியது. காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருக்கக் கூடாது. இறங்க முடியவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அதே பேருந்தில் திரும்பி வந்தேன். அங்கே போய்ச் சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது? பிளஸ் டூ தேர்வும் நேற்றோடு முடிந்துவிட்டது.

ஏப்ரல் 4, வியாழன்

வைவா. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். என் அறிக்கையை உண்மையாகவே வாசித்திருந்தார். பக்க ஓரங்களில் பென்சில் குறிப்புகள்.

"நல்ல கேள்வி கேட்ருக்கம்மா. முப்பத்து நாலுல இல்லாத கேள்வி." கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்."

மேடம் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறு. துறையில் இதுவரை யாரும் வாங்காத மதிப்பெண் என்று அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 17, புதன்

மகளிர் குழுத் தலைவியை நானாகவே கூப்பிட்டேன். நான் யாரென்று சொல்லி, இந்துமதி அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்.

"அது போயி ரெண்டு வாரம் ஆவுது. காலையில தண்ணிக்குப் போறேன்னுட்டுப் போச்சு. கொடம் மட்டும் கொழாயடியில இருந்துச்சு. மறுபடி வெளிநாடுங்கறாங்க, எங்கியோ மில்லுல சேந்துருச்சுங்கறாங்க. போலீஸ்லயும் எழுதிக் குடுத்துருக்கு. புருசன் ஒரு வாரம் தேடினான். ஆத்தோரமெல்லாம் தேடினான். இப்ப வேலைக்குப் போறான்."

"தர்ஷினி?"

"அதுக்கென்ன. சோறாக்குது." போனை வைக்கும் முன் சொன்னார்: "இனிமே எங்கூருக்கு ஆராய்ச்சின்னு யாரயும் அனுப்பாதீங்க."

இந்த நோட்டில் சிலவற்றைத் திருத்த வேண்டும்.

பிப்ரவரி 3 அன்று டிராக்டர் எதுவும் போகவில்லை. "அந்த ஆளப் பத்தி மட்டும் எழுதிராத பாப்பா, ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றார். தெளிவாகக் கேட்டது. பதிவிலும் தெளிவாகவே இருக்கிறது. மேடம் அதைக் கேட்டாரா என்று தெரியாது.

தழும்பையும் அரிசி ஆலையையும் ஜாக்கெட்டையும் நிருபரிடம் நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ள எழுதிக்கொள்ள இன்னும் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மார்ச் 23 அன்று எனக்குத் தலை சுற்றவில்லை. பேருந்து நிழற்குடையில் இந்துமதி அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் வருவதாகச் சொன்னது அதற்கு முந்தைய சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையும் வந்திருப்பார். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கி, இறங்கி வா என்பது போல் முன்னால் இரண்டடி வந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் மறுபக்கம் திரும்பி வயலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 18, வியாழன்

எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று சொல்கிறார்கள். குறையவில்லை.

மே 6, திங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்தன. எதிர் வீட்டில் லட்டு கொடுத்தார்கள்.

மே 11, சனி

யாரிடமும் சொல்லாமல் போனேன். இந்த முறை இறங்கினேன்.

வீடு திறந்திருந்தது. தர்ஷினி மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெட்டிப் போட்டதெல்லாம் முடியாமல் கிடந்ததாம். துணி கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், அதனால் அவளே பழகிக்கொண்டு தைக்கிறாளாம். மூன்று மாதத்தில் முகம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"அப்பா ஆலைக்குப் போயிருக்காங்க. அத்தை கடைத்தெருவுக்குப் போயிருக்கு, வந்துரும். சொல்றதச் சொல்லிட்டுப் போயிருங்க."

வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மன்னித்துவிடு என்று மட்டும் சொன்னேன். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

"அம்மா ஏதாச்சும்... போன் ஏதும் வந்துச்சா?"

"இல்ல."

"விட்டுப்போன பரீட்சைய ஜூன்ல எழுதலாம் தர்ஷினி. நான் பணம் கட்டுறேன். எங்க காலேஜ்லயே..."

"அத்தை விடாது."

இன்னொரு கொக்கியை வைத்துத் தைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அம்மாவ எழுதுனீங்கல்ல. அதுக்கு மார்க்கு போட்டாங்களா?"

"ம்."

"எவ்வளவு?"

தொண்ணூற்றாறு என்று அந்த வீட்டில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? நான் பெரிதாக ஒன்றும் சம்பாதித்துவிடவில்லை என்று அவள் நினைக்கட்டும். என் மீது அவளுக்கு இருக்கும் வெறுப்பு ஒரு பிடி குறையட்டும்.

"அறுபத்திரண்டு."

"நூத்துக்கா?"

"ஆமா."

இப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த கோபம் அந்தக் கண்ணில் இல்லை. ரிசல்ட் பார்க்கப் போய், நம்பரைத் தேடித் தேடிக் காணாமல் நிற்கும் பிள்ளையின் பார்வை அது.

"எங்க அம்மா அவ்வளவும் சொல்லியுமா?" என்றாள். "அவ்வளவுதான் போட்டாங்களா?"

பதில் சொல்ல நேரம் இருந்தது. அவள் காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குனிந்து அடுத்த கொக்கியை எடுத்தாள். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன்.